சார்ஜர் ஜெக் ஆடுகிறதா? லெப்டொப்பில் கை வைக்கும் முன் கொஞ்சம் யோசிப்போம்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிச் செங்கலடியில் போய்ச் சேரும் வீதி, நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்று நன்றாகப் பழகிப்போன வீதியாகும். செங்கலடிக்குப் பக்கத்திலே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த இடத்தில் மலையகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பஸ்ஸில் அவர்கள் மடியில் அணைத்துக்கொண்டு போகிற பையில் உடுப்பு இருக்கும், அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி இருக்கும், ஒரு லெப்டொப்பும் இருக்கும். அந்த லெப்டொப் சும்மா வந்ததல்ல. சீட்டுப் பிடித்து, தோட்டை அடகு வைத்து, மழையிலும் அட்டைக் கடியிலும் எத்தனையோ நாள் பேர் போட்டு வாங்கியதாகும்.

கடந்த மாரி காலத்தில் ஒரு நாள் பெரட்டு முடிந்த பிறகு ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார்.

"ஐயா, மகளோட லெப்டொப்புல சார்ஜ் ஏறலையாம். வயருக்கு அடியில நெருப்புப் பெட்டிய அண்டக் குடுத்தாத்தான் லைட் எரியுதாம். அடுத்த கிழமை ஏதோ ஒப்படை குடுக்கணுமாம். நம்ம மூத்தவன் ரேடியோ எல்லாம் ரிப்பேர் பண்ணுவான். கொண்டாரச் சொல்லுங்க, ஈயம் வச்சு ஒட்டிடுறேங்கிறான். குடுக்கலாமுங்களா?"

இந்தக் கேள்விக்கு உடனே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ நாம் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாமே ஒரு முறை சூடு பட்டவர்கள்.

நாம் பட்ட பாடு

2021இல், நோய்க்காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, எமது வீட்டு லெப்டொப்பின் ஜெக் ஆடத் தொடங்கியது. இளவயதில் கெசட் ரேடியோக்களுக்கு ஈயம் வைத்துப் பழகியவர்கள் தானே நாம்! 'இதுவும் அதே வேலைதான்' என்று எண்ணிப் பழைய அயனைச் சூடாக்கினோம். ஈயம் உருகவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினோம், இன்னும் கொஞ்சம் இழுத்தோம். ஜெக் கையோடு வந்தது. அதனோடு போர்டில் ஒட்டியிருந்த செம்புத் தகடும் உரிந்து வந்துவிட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "நேரா கொண்டு வந்திருந்தா சின்ன வேலை, இப்ப பெரிய வேலையாக்கிட்டீங்களே" என்றார். செலவு பல மடங்கானது. மகன் இரண்டு கிழமை சின்னப் போனிலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடம் படித்தான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டதுதான் எமது பிழை. ஆகவே, நாமே திருத்துவதா, கடைக்குக் கொடுப்பதா என்பதைத் துணிச்சலை வைத்தோ, கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். உண்மையிலேயே ஜெக்தான் பழுதா? ஜெக் எந்த வகை? பிழைத்துப்போனால் எதை இழப்போம்?

ஜெக் என்ன வேலை செய்கிறது?

சுவரிலிருந்து வரும் கரண்ட் 230 வோல்ட். லெப்டொப்புக்கு அவ்வளவு தேவையில்லை. சார்ஜர் பெட்டி அதைக் குறைத்து, பெரும்பாலும் 19 வோல்ட் அளவில் கொடுக்கிறது. 65 வாட் சார்ஜர் ஒன்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 19 வோல்ட், 3.42 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவு கரண்டும் லெப்டொப்புக்குள் போகும் வாசல்தான் ஜெக். பெரிய வீட்டுக்குச் சின்ன வாசல் போல, மிளகு அளவேயான இரண்டு தொடுகைகள் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும்.

தொடுகை இறுக்கமாக இருந்தால் பிரச்சினை இல்லை. தளர்ந்து போனால் அங்கே தடை உண்டாகிறது. அரை ஓம் தடை உண்டானாலே போதும், 3.42 அம்பியர் போகும்போது கிட்டத்தட்ட 6 வாட் சூடு அந்த மிளகு அளவு இடத்திலே பிறக்கும். பிளாஸ்டிக் இளகும், கருகும், தொடுகை இன்னும் தளரும், சூடு இன்னும் கூடும். நெருப்புப் பெட்டியை அண்டக் கொடுத்துப் பாவிப்பது இதனால்தான் ஆபத்தானது. 'எரியுதே, போகட்டும்' என்று விட்டால், சின்னப் பழுது மதர்போர்ட் வரைக்கும் போய்விடும். இரவில் அப்படியே சார்ஜ் போட்டுவிட்டு மெத்தைமேல் வைத்து உறங்குவது கூடவே கூடாது.

முதற் கேள்வி: ஜெக்தான் பழுதா?

சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஜெக்கின் மேல் பழியைப் போடுகிறோம். பல நேரம் குற்றவாளி வேறு ஆளாக இருக்கும். சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும்.

1. சுவர் பிளக் பொயின்டில் வேறு சாமானைப் போட்டுப் பாருங்கள். லயத்து வீடுகளிலும் வாடகை அறைகளிலும் பழைய வயரிங் உண்டு. உருண்டைப் பின் பொயின்டில் சதுரப் பின் பிளக்கைக் குச்சி குத்திச் சொருகும் பழக்கமும் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

2. சதுரப் பின் பிளக்குக்குள்ளே ஒரு பியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் லெப்டொப்புக்கு ஒன்றுமே இல்லை. அதே அளவு பியூஸை மாற்றினால் சரி. ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது கூடாது.

3. பழுது வயரிலா, ஜெக்கிலா என்று பிரித்துப் பாருங்கள். முனையை ஒரு கையால் ஆடாமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் மெதுவாக வளையுங்கள். லைட் அணைந்து அணைந்து எரிந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. சார்ஜரை மாற்றினால் போதும். வயரை அசைக்காமல் முனையை மட்டும் அசைக்கும்போது லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஜெக்கைச் சந்தேகிக்கலாம்.

4. கூடப் படிக்கும் பிள்ளையிடம் அதே ரக சார்ஜரை இரவல் வாங்கிப் பாருங்கள். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் அதேயாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையும் சரியாகப் பொருந்த வேண்டும். அந்தச் சார்ஜரில் ஒழுங்காக ஏறினால், உங்கள் ஜெக் நல்ல ஜெக்!

5. டெல், எச்.பி. லெப்டொப்புகள் பலவற்றில் சார்ஜர் முனையின் நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின் இருக்கும். 'நான் கம்பனிச் சார்ஜர்தான்' என்று லெப்டொப்புக்குச் சொல்லும் பின் அது. அது வளைந்தாலோ உடைந்தாலோ லெப்டொப் வேலை செய்யும், ஆனால் பெட்டரி ஏறாமல் போகலாம். இது தெரியாமல் புதுப் பெட்டரி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் டி.சி. பக்கம் திருப்பி, சார்ஜர் முனையின் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தொட்டு அளக்கலாம். பெட்டியில் எழுதிய வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் சார்ஜர் நல்லது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சார்ஜர் பெட்டியை உடைத்துத் திறக்காதீர்கள். அதற்குள்ளே 230 வோல்ட் கரண்ட் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே தேங்கியிருக்கும். அது ஆளைத் தூக்கியடிக்கும்.

இரண்டாம் கேள்வி: எந்த வகை ஜெக்?

முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். வெளியே பார்க்க எல்லா ஜெக்கும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதலாவது, வயரோடு வரும் ஜெக். ஜெக் தனியாக ஒரு பிளாஸ்டிக் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து சாண் நீளம் கூட இல்லாத வயர்க் கொத்து ஒன்று போய், மதர்போர்டில் சின்ன பிளக்காகச் சொருகியிருக்கும். ஈயம் தேவையில்லை. கழற்றி, புதியதைச் சொருகினால் வேலை முடிந்தது.

இரண்டாவது, மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பதித்த ஜெக். நாம் கெடுத்தது இந்த வகையைத்தான். ரேடியோ போர்டுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். லெப்டொப் போர்ட் பல அடுக்குச் செம்புத் தகடுகளைச் சேர்த்து அழுத்திச் செய்தது. ஜெக்கின் ஒரு கால் அகலமான செம்பு அடுக்கோடு சேர்ந்திருப்பதால், அயனின் சூட்டை அந்தச் செம்பு உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாமான்களில் ஈயத்துக்குத் தடை போட்டதனால், உலகக் கம்பனிகள் பெரும்பாலும் ஈயம் கலக்காத பற்றுக்கு மாறிவிட்டன. பழைய ரேடியோவின் பற்று 183 பாகை செல்சியஸ் அளவில் இளகும். புதியது 217 பாகை அளவு வந்தால்தான் இளகும். பற்று இளகும் முன் இழுத்தால் துவாரத்தின் உள்ளே இருக்கும் செம்புப் பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். அதைத் திரும்ப வைப்பது கெட்டிக்காரனுக்கும் கஷ்டமான வேலை.

மூன்றாவது, யூ.எஸ்.பி. 'சி' என்கிற சப்பையான புது வகை. அதற்குள் 24 தொடுகைகள் இருக்கின்றன. பெரும்பாலும் போர்டிலேயே பதித்திருப்பார்கள். வீட்டில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

திறக்காமலே வகையை அறிய வழி உண்டு. லெப்டொப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் மொடல் இலக்கத்தை முழுவதும் எழுதிக்கொண்டு, உதிரிப்பாகக் கடையில் "இதுக்கு ஜெக் வயரோட வருமா, தனியா வருமா?" என்று கேளுங்கள். டெல், எச்.பி., லெனோவோ கம்பனிகள் தங்கள் மொடல்களைக் கழற்றும் முறையைப் படத்தோடு இணையத்திலே இலவசமாக வைத்திருக்கின்றன. பிள்ளைகள் போனிலேயே பார்க்கலாம்.

மூன்றாம் கேள்வி: பிழைத்தால் எதை இழப்போம்?

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் ஓர் ஆணியைக் கூடத் தொடாதீர்கள். பில்லோடு வாங்கிய கடைக்கே கொண்டு போங்கள்.

பரீட்சை நெருங்கினால், ஒப்படைக்கு நாள் குறித்திருந்தால், புதிதாகப் பழகிப் பார்க்கும் நேரம் அதுவல்ல. எதுவானாலும், பெட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜிலேயே முக்கியமான பாடங்களையும் ஒப்படைகளையும் பென் டிரைவ்வில் ஏற்றிவிடுங்கள். ஜெக் போனால் வேறு ஜெக் வாங்கலாம். மூன்று வருஷம் எழுதி வைத்ததைக் கடையில் வாங்க முடியாது.

அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ, மவுஸ் தட்டு மேலே தள்ளியிருந்தாலோ பெட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் குத்தவோ அமுக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. லித்தியம் பெட்டரி தீப்பிடித்தால் இலகுவில் அணையாது. அது நேராகக் கடைக்குப் போக வேண்டிய கேஸ்.

வயர் ஜெக்கை நாமே மாற்றும்போது

லெப்டொப்பை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றக்கூடிய பெட்டரி என்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பெட்டரி என்றால், மூடியைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை பெட்டரியின் பிளக்கைப் பிரிப்பதாகும்.

கம்பளியின் மேலோ கட்டில் மெத்தையின் மேலோ வைத்துச் செய்யாமல் மேசையில் செய்யுங்கள். உள்ளே கை வைக்கும் முன் ஏதாவது இரும்புச் சாமானை ஒரு தடவை தொட்டுவிடுங்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஸ்க்ரூ ஆணிகள் ஒரே நீளமாக இருக்காது. குட்டை ஆணி இருந்த இடத்தில் நெட்டை ஆணியை முறுக்கினால் அது போர்டைக் குத்தும். ஒரு காகிதத்தில் லெப்டொப்பின் படத்தை வரைந்து, எடுத்த ஆணியை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். மூடியைக் கிளப்பக் கத்தி வேண்டாம், பழைய ரீலோட் அட்டை போதும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். பழைய வயர் எந்த வழியாகப் போனதோ, புதியதும் அதே வழியாகப் போக வேண்டும்.

எங்காவது இறுகி வராமல் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ஏதோ ஓர் ஆணி மறைந்திருக்கும். தேடியும் தெரியாவிட்டால் அந்த நிலையிலேயே மூடிக் கடைக்குக் கொண்டுபோவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாவிக் கரையில் ஏன் அடிக்கடி?

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் காற்றிலே ஈரம் அதிகம், கடற்பக்கம் உப்பும் சேரும். அந்த ஈர உப்பு, ஜெக்கின் செம்பில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது. நமது மலையில் குளிர் இருந்தாலும் கடல் உப்பு இல்லை. ஆகவே ஜன்னலோரம் காற்றுக்கு நேரே வைக்காமல், பாவிக்காத நேரம் பைக்குள் வைப்பது நல்லது.

அதைவிடப் பெரிய காரணம் பயணம். முனையைக் கழற்றாமல் லெப்டொப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பசறைப் பக்கத்து வளைவுகளில் பஸ் குலுங்கும்போது, அந்த முனை ஒரு கடப்பாரை மாதிரி ஜெக்கை நெம்பும். காலில் வயர் தட்டுப்படுவதும் அப்படித்தான். உலகம் முழுவதும் இந்தத் தொல்லை இருந்ததால்தான், அப்பிள் கம்பனி 2006இல் காந்தத்தால் ஒட்டும் சார்ஜர் முனையைக் கொண்டுவந்தது. கால் தடுக்கினால் முனை தானாகக் கழன்றுவிடும். நமது பிள்ளைகளின் லெப்டொப்புகளில் அந்த வசதி இல்லாததால், கழற்றிச் சுற்றிப் பைக்குள் வைக்கும் பழக்கம்தான் நமக்குக் காந்தம்.

கடைக்குக் கொடுக்கும்போது

கொடுக்கும் முன் தொடர் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். ஜெக்கை மாற்றுவார்களா, பழையதற்கே பற்று வைப்பார்களா என்று கேளுங்கள். ஜெக்குக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பழைய ஜெக்கைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எடுக்கும்போது சார்ஜ் போட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்து, பில் வாங்குங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது.

அந்த மகளின் லெப்டொப் என்ன ஆனது?

தகப்பனாரிடம், "முதல்ல மகள மொடல் இலக்கத்தப் பாத்து டவுன் கடையில கேக்கச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு பேசுவோம்" என்றோம். பிள்ளை இரவல் சார்ஜரில் பார்த்தது. அதிலும் லைட் ஆடியது. ஆகவே ஜெக்தான். மட்டக்களப்புக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டபோது, "ஓம் தங்கச்சி, அது வயரோட வாறது" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையில் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒப்படையைப் பென் டிரைவ்வில் ஏற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பிள்ளையும் அறைத் தோழியும் மேசையில் உட்கார்ந்தார்கள். மூத்தவன் லயத்து வாசலில் நின்று போனில் முகம் பார்த்துக்கொண்டே, "அந்த ஆணி குட்டை, தனியா வை... இழுக்காத தங்கச்சி, பிளக்கப் புடிச்சுக் கழட்டு" என்று சொல்லிச் சொல்லி வேலையை முடித்தான். கழற்றிய ஜெக்கின் உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்ததாம். ஈயமும் வேண்டியிருக்கவில்லை, அயனும் வேண்டியிருக்கவில்லை. ஒப்படை நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

போர்டில் பதித்த ஜெக்காக இருந்திருந்தால் "கடைக்குக் கொடு மகளே" என்றுதான் சொல்லியிருப்போம். மூத்தவனின் கைத்திறனில் நமக்குச் சந்தேகம் இல்லை. அவன் பழக வேண்டுமானால், கடைகளில் கழித்துப் போடும் செத்த போர்டில் பழகட்டும். அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, சின்னப் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு. பழைய பற்றில் இருக்கும் ஈயம் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு செய்யும்.

வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்க:

• ஆடும் ஜெக்கை முட்டுக் கொடுத்துப் பாவிக்காதீர்கள்.
• சுவர், பியூஸ், சார்ஜர், பிறகுதான் ஜெக்.
• பாடங்களை முதலில் பென் டிரைவ்வில் ஏற்றுங்கள்.
• வயர் ஜெக் என்றால் நிதானமாக நாமே செய்யலாம்.
• போர்டில் பதித்தது, யூ.எஸ்.பி. 'சி', உப்பிய பெட்டரி, கருகிய வாடை என்றால் கடைக்கு.
• சார்ஜர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.
• பயணத்தில் முனையைக் கழற்றி வையுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வரும்போது பைக்குள் வைத்து அனுப்புங்கள்.